உடைத்தால் போதும், பொடிக்க வேண்டாம்

இந்த முறை மெல்பர்னிலிருந்து ஊருக்கு வந்தபோது, பெட்டியில் சாக்லேட்டுக்கும் சித்திமாருக்கு வாங்கிய துணிக்கும் நடுவே ஐந்து கிலோ இரும்பையும் பழைய தோர்த்தில் (துண்டில்) சுற்றிக் கொண்டுவந்தேன். மால்ட், அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லி, அதை உடைக்கிற மில். இரண்டு ரோலர், ஒரு கைப்பிடி, மேலே தானியம் கொட்ட ஒரு தகரப் பெட்டி, அவ்வளவுதான். ஆறு வருடம் ஓடியதில் ரோலரின் சொரசொரப்பு தேய்ந்து, தானியத்தைப் பிடிக்காமல் வழுக்க ஆரம்பித்துவிட்டது. அங்கே ஒரு லேத்தில் விசாரித்தால், அவர்கள் சொன்ன கூலிக்குப் புது மில்லே வாங்கிவிடலாம். ரப்பர் ஷீட் அடிக்கிற ரோலரைச் சரிபண்ணியே கைதேர்ந்த லேத்துக்காரர்கள் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், மார்த்தாண்டம் பக்கம் இருக்கும்போது அங்கே போய் எதற்குக் காசை அழ வேண்டும் என்றுதான் கட்டிக்கொண்டு வந்தேன்.

அம்மா பார்த்ததும் கேட்டது, "என்ன மக்கா இது, கரும்பு பிழியிற மிஷினா?" அப்பா ஒன்றும் கேட்கவில்லை. திண்ணையில் வைத்துக் கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினார், அப்புறம் இரண்டு ரோலருக்கும் இடையில் வெளிச்சம் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "ரெண்டு பக்கமும் கேப் ஒண்ணு போல இல்ல, கேட்டியா" என்றார். அதே கோளாறைக் கண்டுபிடிக்க, இந்த மில் வாங்கிய புதிதில் எனக்கு நாலைந்து மாதம் ஆனது, எழுபது எண்பது லிட்டர் பீரும் போனது.

பீர் என்ற சொல் வந்துவிட்டதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவில் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பீர் போட்டுக்கொள்ளலாம், சாராயம் வடிப்பதுதான் கூடாது. தமிழ்நாட்டில் 1937-ஆம் வருட மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் எந்த மதுவும் தயாரிக்க முடியாது, கள் இறக்குவதற்கும் 1987-லிருந்து தடை. கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளையைத் தாண்டினால் கள்ளுக்கடை, இந்தப் பக்கம் அதே பனையிலிருந்து அக்கானி (பதநீர்) மட்டும். ஆகவே ஊரில் இருக்கிற இந்த ஒன்றரை மாதம் நான் எதையும் ஊறப்போடவும் இல்லை, காய்ச்சவும் இல்லை. "எம்மவன் அங்க என்னமோ காய்ச்சுறானாம்" என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிவைத்ததை மாற்றிச் சொல்ல வைப்பதற்கே எனக்கு ரெண்டு நாள் ஆனது.

சரி, மில்லுக்கு வருவோம்.

பார்லியை ஊறவைத்து, முளைவிட்டதும் சூட்டில் உலர்த்தி எடுத்தால் அதுதான் மால்ட். சின்னப் பிள்ளைகளின் கஞ்சிக்குக் கேப்பையையும் கோதுமையையும் முளைகட்டி வெயிலில் காயப்போடுவோமே, அதே வேலை. முளைக்கும்போது தானியத்துக்குள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகிற நொதிகள் பெருகும். அந்த மால்ட்டை உடைத்து, 65 முதல் 68 டிகிரி சூட்டில் நிற்கும் தண்ணீரில் ஒரு மணி நேரம் போட்டுவைத்தால் மாவுச்சத்தெல்லாம் இனிப்பாகக் கரையும். அந்த இனிப்பு நீரை வடித்து, கசப்பும் மணமும் தருகிற ஹாப்ஸ் பூ போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியபின் ஈஸ்ட் தூவினால் மீதியை அது பார்த்துக்கொள்ளும். இதில் மில்லின் பங்கு "உடைத்து" என்கிற அந்த ஒரு சொல் மட்டும்தான். ஆனால் நான் அதை "பொடித்து" என்று படித்துவிட்டேன்.

அதற்குக் காரணம் இருக்கிறது. நம் வீடுகளில் மில் என்றாலே மாவுதான். அரிசியை ஊறவைத்து உலர்த்தி, வாளியில் எடுத்துக்கொண்டு மாவு மில்லுக்குப் போய், துணிக்குழாய் வழியாகச் சூடாக விழுகிற மாவை மில்காரர் இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்ப்பதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். எவ்வளவு நைசாக வருகிறதோ அவ்வளவு நல்ல மில் என்று மண்டையில் பதிந்துவிட்டது. அந்த மில்காரர் முதலில் கேட்கிற கேள்வியை மறந்துபோனேன்: "புட்டுக்கா, இடியாப்பத்துக்கா?" அரிசி ஒன்றுதான், மிஷின் ஒன்றுதான். புட்டுக்குத் தரிதரியாக வேண்டும், இடியாப்பத்துக்கு நைசாக வேண்டும். பதிலைக் கேட்டபிறகுதான் அவர் பக்கத்தில் இருக்கிற சக்கரத்தைத் திருக்குவார்.

பீர் போட ஆரம்பித்த முதல் வருடம் கடையிலேயே உடைத்துத் தரும் மால்ட்டைத்தான் வாங்கினேன். ஒரு கடையில் வாங்கியதில் கால்வாசி மணி முழுசாகவே கிடந்தது, காசு கொடுத்து வாங்கிய மாவுச்சத்தைக் கொட்டுகிற மாதிரி. அந்தக் கோபத்தில் வாங்கியதுதான் என் முதல் மில். மேஜையில் திருகி மாட்டும் வகை, இரண்டு இரும்புத் தட்டு ஒன்றோடொன்று உரசும். லத்தீன் அமெரிக்காவில் மக்காச்சோளம் அரைக்கிற மில் இது, பீர் போடுகிறவர்கள் அந்த வகையையே கொரோனா மில் என்பார்கள், வைரஸுக்கு வெகுகாலம் முந்திய பெயர். மலிவு. தட்டுகளைத் தள்ளிவைத்துப் பொறுமையாக உடைத்து நல்ல பீர் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், மில்லைக் குறை சொல்ல மாட்டேன். நான் திருகாணியை முடிந்தமட்டும் இறுக்கினேன். மாவு வந்தது, புட்டு மாவை விட நைசாக. பெருமையாகப் போட்டோ எடுத்து, பக்கத்துத் தெருவில் இருக்கிற மார்த்தாண்டத்துக்காரனுக்கு அனுப்பவும் செய்தேன்.

அன்று ராத்திரி நடந்தது இது. ஐஸ் பெட்டி ஒன்றின் அடியில் துளை போட்ட குழாய் வைத்து, அதில்தான் மால்ட்டை ஊறவைப்பேன். ஒரு மணி நேரம் கழித்துக் குழாயைத் திறந்தால் ஒரு தம்ளர் இனிப்பு நீர் வந்தது. பிறகு சொட்டியது. பிறகு அதுவும் நின்றது. உள்ளே கரண்டியை விட்டால் கேப்பைக் களி மாதிரி சுழற்ற முடியாமல் நிற்கிறது. குழாயில் வாய் வைத்து ஊதினேன், கொதிநீர் விட்டுக் கிளறினேன், கிளறக் கிளற இன்னும் பசையானது. மார்த்தாண்டத்துக்காரன் வந்து எட்டிப் பார்த்துவிட்டு "பேசாம கருப்பட்டி போட்டுக் கிண்டி எடுத்திரு மக்கா" என்றான். கடைசியில் இரண்டு தோர்த்தை விரித்து, தேங்காய்ப்பால் பிழிகிற மாதிரி பிழிந்து எடுத்தோம், ராத்திரி ஒரு மணிக்கு. மூன்று வாரம் கழித்து ஊற்றிப் பார்த்தால் பீர் கலங்கல், காய்ந்த தேயிலைச் சக்கையைச் சவைத்த மாதிரி துவர்ப்பு.

என்ன ஆனதென்றால், பார்லியின் உமிதான் அங்கே வடிகட்டி. அடியில் உமி மெத்தை போலப் படிந்தால் இனிப்பு நீர் அதன் வழியாகத் தெளிந்து இறங்கும். உமியையும் சேர்த்துப் பொடித்தால் மெத்தை இல்லை, மாவு மட்டும் பசையாக உட்கார்ந்து துளையை அடைக்கும். போதாததற்கு, நைந்த உமியில் 77 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீர் பட்டால் துவர்ப்பும் கூடவே இறங்கும், நான் விட்டதோ கொதிநீர். ஆக மால்ட் மில் செய்ய வேண்டியது உள்ளே இருக்கும் பருப்பை ரெண்டு மூன்று துண்டாக உடைப்பதும், மேல் உமியைக் கிழிக்காமல் விடுவதும்தான்.

இதை யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் ஆச்சியின் திருவை, கையால் சுற்றுகிற கல், ஞாபகம் வந்தது. மில்லுக்குப் பொடிக்கக் கொடுக்கிற வீட்டில் உளுந்துக்கு மட்டும் ஏன் திருவை? ஏனென்றால் உளுந்து மாவாகக் கூடாது, இரண்டாகப் பிளக்க வேண்டும், தோல் தனியே கழன்று வர வேண்டும், அப்புறம் சுளவில் (முறத்தில்) போட்டுப் புடைத்தால் தோல் ஒரு பக்கம் பருப்பு ஒரு பக்கம். முந்தின நாளே உளுந்தில் எண்ணெய் தடவி வெயிலில் போட்டுவைப்பாள். எனக்கு அந்த விஷயமெல்லாம் தெரியும், கண்ணால் பார்த்திருக்கிறேன், ஆனாலும் கிட்டத்தட்ட ஒன்பதாயிரம் கிலோமீட்டர் வரைக்கும் அறிவு கூட வரவில்லை.

இரண்டாவதாக வாங்கியதுதான் இப்போது லேத்துக்கு வந்திருக்கும் ரோலர் மில். அதைப் பெட்டியிலிருந்து எடுத்த அன்றைக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஏனென்றால் இந்த சாமானில்தான் என் பள்ளிக்கூடக் காலம் முழுக்கப் போனது. எங்கள் வீட்டுப் பின்னால் ரப்பர் ஷீட் அடிக்கிற இரண்டு ரோலர் மிஷின் உண்டு. காலையில் அப்பா பால் வெட்டி எடுத்துவந்து, டிஷ்ஷில் ஊற்றி ஆசிட் விட்டு உறையவைத்தால், சாயந்தரம் வந்து கைப்பிடி சுற்றுவது என் வேலை. முதலில் வழவழப்பான ரோலரில் நாலு முறை விட்டு மெலிதாக்கணும், கடைசியில் வரி வெட்டிய ரோலரில் ஒரு முறை. ரோலருக்கு இரண்டு பக்கமும் திருகு இருக்கும். ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதல் இறுகியிருந்தால் ஷீட் கோணலாகப் போகும், ஒரு ஓரம் தடித்து உலராமல் பூஞ்சணம் பிடிக்கும், கிரேடு குறையும், விலை குறையும், அப்பா வைவார். மால்ட் மில் அதன் குட்டி, வேறொன்றுமில்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது. இரண்டு ரோலர் போதும். மூன்று ரோலர் மில்லில் மேல் ஜோடி லேசாக நசுக்க, கீழே இன்னொரு முறை உடைபடும், உமி கொஞ்சம் கூடுதல் முழுசாக வரும், உண்மைதான், ஆனால் மாதம் ஒரு முறை 23 லிட்டர் போடுகிறவனுக்கு அந்தக் காசு அதிகம். இடைவெளியை மாற்ற முடியாத மில்லை எவ்வளவு மலிவானாலும் தொடாதீர்கள். ரோலர் தடிமனாக இருந்தால் மணியைச் சுலபமாக இழுத்துக்கொள்ளும், ஒல்லி ரோலர் வழுக்கும். கைப்பிடி சுற்றுவது ஒரு ரோலரைத்தான், மற்றது பெரும்பாலும் தானியம் உரசுகிற வேகத்தில்தான் தானாகச் சுழலும், அதனால் சொரசொரப்பு தேய்ந்தால் கதை முடிந்தது. அச்சு சுழலும் இடத்தில் பொடி போகாமல் நல்ல பேரிங் இருக்கிறதா பாருங்கள். நான் செய்த தப்பு சாதா இரும்பு ரோலர் வாங்கியது. மெல்பர்னிலேயே மழைக்காலத்தில் துரு லேசாக எட்டிப் பார்க்கும், இரண்டு பருவமழையும் கொட்டுகிற எங்கள் ஊரில் பத்தே நாளில் கைப்பிடி செம்மண் நிறத்துக்கு வந்துவிட்டது.

இடைவெளி எவ்வளவு என்பதுதான் எல்லோரும் கேட்கிற கேள்வி. பார்லி மால்ட்டுக்கு ஒரு மில்லிமீட்டருக்கு அக்கம்பக்கத்தில் தொடங்கலாம், 0.9 முதல் 1.1 வரைக்கும். பைக் மெக்கானிக் டேப்பட் செட் பண்ண வைத்திருக்கும் ஃபீலர் கேஜ், அதாவது இடைவெளி அளக்கிற மெல்லிய தகடுகள், ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், அதைத் தவிர மற்ற அளவெல்லாம் யூகம். அவசரத்துக்கு ஏடிஎம் கார்டு, அது 0.76 மில்லிமீட்டர், அது தாராளமாக நுழைந்து லேசாக ஆடினால் சரி. கேஜை ரோலரின் வலது ஓரத்திலும் விட வேண்டும், இடது ஓரத்திலும் விட வேண்டும். நான் முதல் நாலைந்து மாதம் வலது பக்கம் மட்டும் அளந்தேன். ஷீட் அடித்து வளர்ந்த பையன் செய்கிற காரியமா அது? இடது பக்கம் 1.4 திறந்து கிடந்திருக்கிறது, அந்தப் பக்கம் விழுந்த மணியெல்லாம் முழுசாக இறங்கியிருக்கிறது. 5 கிலோ மால்ட்டில் 23 லிட்டர் போட்டால் இனிப்பு நீரின் அடர்த்தியை அளக்கிற ஹைட்ரோமீட்டர் 1.040 காட்டியது, அதாவது கிடைக்க வேண்டிய இனிப்பில் அறுபது சதவீதம். இரண்டு பக்கமும் 0.95 வைத்த அன்றைக்கு, வேறெதையும் மாற்றாமல், 1.050. இது எழுபத்தைந்து சதவீதம். அந்த மாதம் ஒரு கிலோ மால்ட் மிச்சம் என்று கணக்குப் போட்டு வைத்தேன்.

நம்பரை விட கண்ணை நம்புங்கள் என்றும் சொல்லணும். ஒரு கைப்பிடி உடைத்து வெள்ளைத் தாளில் பரப்பிப் பாருங்கள். முழு மணி நாலைந்துக்கு மேல் தெரிந்தால் கொஞ்சம் இறுக்கணும். உமி தூளாகி, மாவு தாளில் ஒட்டினால் கொஞ்சம் தளர்த்தணும். உமி படகு மாதிரி பிளந்து, உள்ளே காலியாக, பக்கத்தில் வெள்ளைக் குருணையாகக் கிடந்தால் அதுதான் பதம். கோதுமை மால்ட் மணி சின்னது, 0.8-க்கு இறக்கணும், அதற்கு உமியும் கிடையாது, அதனால் தனியாக நெல் உமி கலக்க வேண்டும். அங்கே நெல் உமியைக் கழுவிப் பாக்கெட்டில் போட்டு விற்கிறார்கள். உமிக்கரியில் பல்லு விளக்கிய நாஞ்சில் நாட்டு ஆள் ஒருத்தன் உமிக்கு டாலர் எண்ணிக் கொடுத்தது வீட்டில் தெரிந்தபோது அப்பா ரொம்ப நேரம் சிரித்தார்.

பெரிய துணிப்பையில் மால்ட்டைப் போட்டு, அப்படியே பாத்திரத்தில் இறக்கி, பிறகு தூக்கி வடியவிடுகிற முறை ஒன்று உண்டு, ஆஸ்திரேலியக்காரர்கள் கிளப்பிவிட்டது. அதில் வடிகட்டுவது பையின் வேலை, உமி மெத்தை தேவையில்லை, அதனால் 0.7 வரைக்கும் இறுக்கிப் பொடியாக உடைத்தாலும் ஓடும். என் முதல் மில்லை இந்த முறைக்குப் பயன்படுத்தியிருந்தால் தப்பித்திருப்பேன். ஆக மில் வாங்கும் முன் எப்படி வடிக்கப் போகிறீர்கள் என்று முடிவு பண்ணுங்கள், புட்டா இடியாப்பமா என்று.

எனக்கு ரொம்பப் பிடித்த வித்தை மால்ட்டை ஈரமாக்குவது. உடைப்பதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்னால், 5 கிலோவுக்கு 100 மில்லி தண்ணீர், அதாவது இரண்டு சதவீதம், ஸ்ப்ரே பாட்டிலில் தெளித்துக் கையால் பிசறிவிட வேண்டும். புட்டு மாவுக்குத் தண்ணீர் தெளிக்கிற கைதான், அதை விடக் குறைவான ஈரம். உமி மட்டும் நனைந்து தோல் மாதிரி வளையும், உள்ளே பருப்பு காய்ந்தே இருக்கும். ரோலரில் விட்டால் பருப்பு நொறுங்குகிறது, உமி முழுசாக விழுகிறது, தூசியும் பறப்பதில்லை. ஆச்சி உளுந்துக்கு எண்ணெய் தடவியதும் கிட்டத்தட்ட இதற்குத்தான். தண்ணீர் கூடினால் மட்டும் ரோலரில் மாவு அப்பிக்கொள்ளும், பிரஷ் வைத்துச் சுரண்ட வேண்டி வரும்.

கையால் சுற்றினால் 5 கிலோவுக்குக் கால் மணி நேரம், தோள் வலிக்கும். ட்ரில் மாட்டினால் மூன்று நான்கு நிமிடம். ஆனால் ட்ரில்லை நிமிடத்துக்கு 150, 200 சுற்றுக்கு மேல் விடாதீர்கள், வேகம் கூடினால் உமி கிழியும். ரோலர் சுற்ற ஆரம்பித்தபிறகு தானியத்தைக் கொட்டுங்கள். நிரப்பிவிட்டு ஸ்டார்ட் பண்ணினால் சிக்கிக்கொண்டு ட்ரில் கையை முறுக்கும், எனக்கு மணிக்கட்டு ஒரு வாரம் வீங்கியிருந்தது. ரோலரைத் தண்ணீர் விட்டுக் கழுவவே கூடாது, காய்ந்த பிரஷ் போதும். தானியத்தில் கல் கிடந்தால் ரோலர் பல் போய்விடும், அதனால் சுளவில் ஒரு தரம் பார்த்துக்கொள்வது நல்லது. முளைவிடாத மக்காச்சோளத்தை இதில் விடாதீர்கள், அது கல்லுக்கு ஒன்றுவிட்ட தம்பி. அப்புறம், உடைக்கிற வேலையை பீர் நொதிக்கிற அறைக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். மால்ட் தூசியில் தயிரைப் புளிக்கவைக்கும் வகைப் பாக்டீரியா நிறைய, அது ஆறிய பீரில் விழுந்தால் புளிக்கும். நான் கார் ஷெட்டில்தான் உடைக்கிறேன்.

லேத்துக்குப் போன கதை சீக்கிரம் முடிந்துவிடும். லேத்துக்கார அண்ணன் ரோலரை உருட்டிப் பார்த்துவிட்டு, "இது ரப்பர் ரோலருக்க குட்டியாடே?" என்றார், எதற்கு என்று கேட்கவே இல்லை. பழைய தேய்ந்த மேல்பரப்பை லேசாகக் கடைந்து எடுத்து, வைரக்கட்டம் போல நர்லிங், அதாவது அந்தச் சொரசொரப்பு, புதிதாகப் போட்டுக் கொடுத்தார், இரண்டு நாள். ரோலர் கொஞ்சம் மெலிந்ததால் இடைவெளியைத் திரும்ப முதலிலிருந்து செட் பண்ண வேண்டியிருந்தது. இந்த முறை நான் கேஜை எடுக்கும் முன்பே அப்பா வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் திருகிவிட்டார். அளந்து பார்த்தேன், வலது 0.95, இடது 0.95. பேசாமல் கேஜை உள்ளே வைத்துவிட்டேன்.

பார்லி மால்ட் கையில் இல்லை. அம்மா தங்கச்சி பிள்ளைக்காக முளைகட்டிக் காயவைத்திருந்த கோதுமை இருந்தது, அதில் ஒரு கைப்பிடி விட்டேன். மணி வழுக்காமல் உள்ளே போனது, வெள்ளைக் குருணையாக விழுந்தது. அம்மா அதைக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டு உள்ளே போய் ஒரு நாழி கறுப்பு உளுந்து கொண்டுவந்தாள். "இதையும் ஒண்ணு விட்டுப் பாரு." திருகாணியை இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் தளர்த்தி விட்டோம். முக்கால்வாசி பிளந்தது, மீதியை இன்னொரு முறை விட்டோம். சுளவில் புடைத்தபோது தோல் பறந்து திண்ணை முழுக்கக் கருப்பு.

அடுத்த வாரம் எனக்கு டிக்கெட். மில் இப்போது அடுக்களையில், திருவை இருந்த இடத்தில், ஒரு பலகையில் போல்ட் போட்டு மாட்டப்பட்டிருக்கிறது. கழற்றித் தரச் சொல்லிக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. போனதும் புதிது ஒன்று தேடணும், இந்தத் தடவை ஸ்டெயின்லெஸ் ரோலர்.